பாதி ஆட்டத்துக்கு ஒரு பந்து

1930ஆம் வருஷம் எங்கள் வீட்டில் இன்னொரு ஆளாகவே குடியிருந்தது. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அரசாங்க வேலைக்கான பரீட்சை ஒன்றில் அந்த வருஷத்தைப் பற்றிய கேள்வியில் கோட்டை விட்டுவிட்டார். முதல் உலகக் கோப்பைக் கால்பந்து எந்த நாட்டில் நடந்தது என்று கேட்டிருந்தார்கள். பிரேசில் என்று குறித்துவிட்டு வந்தவர், உருகுவே என்று தெரிந்ததும் சோறு இறங்காமல் கிடந்தார். அதற்குப் பிறகு அந்த வருஷத்தை அவர் விடவே இல்லை. கனடாவில் முதன்முதலாகப் பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டுப் போட்டி நடந்தது, டேவிஸ் கோப்பையைப் பிரான்ஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போனது, உருகுவேக்குக் கப்பலேறிய ஐரோப்பிய வீரர்கள் கப்பல் தளத்திலேயே ஓடிப் பழகியது என்று எல்லாவற்றையும் காலனிச் சாலையில் மேலும் கீழும் நடந்தபடி ஒப்பிப்பார். உட்கார்ந்தால் அவருக்குப் படிப்பு ஏறாது. எனக்கும் உட்காரத் தெரியாது, பின்னாலேயே நடப்பேன். இரண்டு பேருக்கும் காலில் சக்கரம் என்று அம்மா திட்டுவாள்.

வாடிப்பட்டி பக்கம் எங்கள் ஊர். கண்மாய்க்கு அந்தக் கரையில் ஊர், இந்தக் கரையில் எங்கள் காலனி. கோடையில் கண்மாய் வற்றியதும் ஊர்ப் பையன்கள் அந்தப் பக்கம் விளையாடுவார்கள், நாங்கள் இந்தப் பக்கம் விளையாடுவோம். அவர்களுக்கு ஒரு பந்து. எங்களுக்கு, மதுரைக்குக் கொத்து வேலைக்குப் போகும் அப்பா வாங்கி வந்த பந்து ஒன்று. பந்து எங்கள் வீட்டுடையது என்பதால் பெண் பிள்ளையான என்னையும் வேறு வழியில்லாமல் ஆட்டத்தில் சேர்த்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஊர்ப் பையன்களும் நாங்களும் ஒரே வகுப்பு. முழுப் பரீட்சை லீவில் வாய்ச் சண்டை முற்றி, மேட்ச் வைத்துப் பார்த்துவிடலாம் என்றானது.

அந்த மேட்ச்சை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. கால் தன்பாட்டுக்குப் பாயை உதைத்துக்கொண்டே இருந்தது. மறுநாள் கண்மாய்க்குள் இறங்கினால், ஆரம்பத்திலேயே தகராறு.

"எங்க பந்துலதேன் ஆடணும்" என்றான் ஊர்ப் பையன்களின் கேப்டன்.

"ஏன், எங்க பந்துக்கு என்ன கேடு?" என்று நான் எகிறினேன்.

அவன் என் பக்கத்து பெஞ்சுக்காரன்தான். என்னைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்தான்.

விசிலோடு நின்ற மாமாவுக்கு முகமெல்லாம் பல். படித்த படிப்பு உதவுகிற நாள் வந்துவிட்டதே! அந்த முதல் உலகக் கோப்பை இறுதியாட்டத்திலும் இதே சண்டைதானாம். யார் பந்தில் ஆடுவது என்று உருகுவேயும் அர்ஜென்டினாவும் மல்லுக்கு நின்று, கடைசியில் முதல் பாதிக்கு அர்ஜென்டினாவின் பந்து, மறு பாதிக்கு உருகுவேயின் பந்து என்று முடிவானதாம். முதல் பாதியில் அர்ஜென்டினா 2-1 என்று முன்னால் போனது. சொந்தப் பந்து வந்ததும் உருகுவே 4-2 என்று கோப்பையை அடித்துவிட்டது. பையன்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். முதல் பாதி அவர்கள் பந்து, மறு பாதி எங்கள் பந்து என்று இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டன.

இடைவேளைக்கு விசில் ஊதும்போது ஊர்ப் பையன்கள் இரண்டு, நாங்கள் ஒன்று. அச்சு அசல் அதே கணக்கு! எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. உலகத்துக்கே நடந்தது எங்களுக்கு நடக்காமலா போகும்? தண்ணீர் குடிக்கக்கூடப் போகாமல் எங்கள் பந்தை நடுவில் வைத்துவிட்டு, அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அப்போது கரை மேல் ஒரு மொபெட் வந்து நின்றது. ஊர்க்காரர் ஒருவர், மாமாவைவிட வயதில் சின்னவர். வண்டியை அணைக்காமலே கேட்டார்.

"யாரு பந்துடா அது?"

மாமாதான் விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு, "நம்ம பிள்ளைக பந்துதேண்ணே, சும்மா விளையாட்டுக்கு" என்றார். சின்னவரைப் போய் ஏன் அண்ணே என்கிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் மாமாவைப் பார்க்கவே இல்லை. பையன்களை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அம்புட்டுதான். ஒருவனை அம்மா தேடுமாம். இன்னொருவனுக்குக் கால் வலியாம். கேப்டன் தன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "போறேன்" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னான். எங்கள் பந்தை ஒருவன்கூடக் காலால் தொடவில்லை.

"பயந்தாங்கொள்ளிகளா! தோத்துருவோம்னு ஓடுறீங்களாடா?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பிறகு ஆள் இல்லாத கோலில் நாங்களே மூன்று கோல் அடித்தோம். கடைசிக் கோல் என்னுடையது. 4-2! ஊதுங்க மாமா, ஊதுங்க என்று அவர் கையைப் பிடித்து உலுக்கினேன். அவர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "வா பாப்பா, வீட்டுக்குப் போவோம்" என்றார்.

நான் நிற்கவில்லை. பந்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "ஊர்க்காரனுகளை ஜெயிச்சுட்டோம்!" என்று காலனி முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த அம்மா ஈரக் கையோடு ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

"கத்தாதடி, அங்கிட்டு கேட்டுரும்."

கேட்க வேண்டும் என்றுதானே கத்தினேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் விரலைக் கடித்துவிட்டுத் திமிறினேன், அழுதேன். ஜெயித்துவிட்டு வருகிற பிள்ளையின் வாயைப் பொத்துகிற அம்மா உலகத்தில் யாருக்காவது வாய்த்திருப்பாளா என்று அன்றைக்கு அவளோடு பேசவே இல்லை.