ஒரே வீட்டுக்கு ரெண்டு வேண்டுதல்

ஐப்பசி மழையில நான் மாடிப்படியில வழுக்கி விழுந்தேன். இடுப்புல எங்க பொண்ணு கோமதி இருந்தா. எனக்கு மணிக்கட்டு முறிஞ்சிபோச்சு. அவளுக்கு நெத்தியில அடி. ரத்தத்தைப் பார்த்து அவ அழல. என் கையைப் பார்த்துத்தான் அழுதா.

சனிக்கிழமை பஜனைக்கு வர்ற நீங்க எல்லாரும் கோமதியைப் பார்த்திருக்கீங்க. இந்தக் கதையை மட்டும் முழுசா கேட்டிருக்க மாட்டீங்க. போன வாரம் ஒருத்தர், "உங்களுக்கு அந்த வீடு எப்படி அமைஞ்சுது?"ன்னு கேட்டாரு. அதனால சொல்றேன்.

அப்போ சித்தூர்ல ஒரு வீட்டு மாடியில குடியிருந்தோம். படி வெளிப்பக்கம். குறுகலா இருக்கும், கைப்பிடி கிடையாது. கோமதிக்கு ரெண்டு வயசுல இளம்பிள்ளை வாதம் வந்து காலு ரெண்டும் சூம்பிப்போச்சு. தரையில கையை ஊனி நகர்ந்து போவா. எங்க வீட்டுக்காரர் முனிரத்தினம் சித்தூர் திருப்பதி பஸ்ல டிரைவர். வெள்ளி முளைக்கும்போதே போய்டுவாரு. பொண்ணைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கினு போறதும் தூக்கிக்கினு வர்றதும் நான்தான். அவளுக்கு எட்டு வயசு ஆச்சு. உடம்பு வளருது, கனம் ஏறுது. எனக்கு வயசு குறையலையே.

கையில மாவுக்கட்டு போட்டுக்கினு வந்தப்புறம் பள்ளிக்கூடம் நின்னுபோச்சு. ஜன்னல்கிட்ட உக்காந்துக்கினு தெருவைப் பார்ப்பா. ஒருநாள் என்கிட்ட சொன்னா: "அம்மா, நான் இங்கயே இருந்துடறேன். நீ கீழ போய்ட்டு வந்து என்னா நடக்குதுன்னு எனக்குச் சொல்லு, போதும்."

எட்டு வயசுப் புள்ள அப்படிச் சொல்லலாமா? 

தரையோட தரையா இருக்கிற வீடு ஒண்ணு வேணும். படி இருக்கக்கூடாது. பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட இருக்கணும். வாடகைக்குத் தேடினோம். பொண்ணைப் பார்த்ததும் பாதிப் பேர் வீடு இல்லைன்னுட்டாங்க. சரி, எங்க அம்மா போட்ட நகை இருந்துது, அவர் சேர்த்து வச்சது கொஞ்சம் இருந்துது. சின்னதா சொந்தமா வாங்கிடலாம்னு முடிவு பண்ணோம்.

பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவுல ஏகாம்பரம்னு ஒருத்தர். கலெக்டர் ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் வீடு விலைக்கு வந்துது. வாசல் தெருவுக்குச் சமமா இருக்கும். நடுவுல முற்றம், பின்னால கெணறு. பக்கத்துச் சந்துல இன்னொரு வாசல். கோமதி ஒருத்தியே கெணத்தடி வரைக்கும் நகர்ந்து போவலாம்.

அந்த வீட்டை விக்கிறதா வேணாமான்னு ஏகாம்பரம் பல வருஷமா யோசிச்சிக்கினு இருந்தாரு. ஆந்திரா தனியா பிரிஞ்சப்பவே விக்கணும்னாராம். சித்தூரே மெட்ராஸோட சேர்ந்துடும்னு யாரோ சொன்னாங்கன்னு நிறுத்திட்டாராம். அப்புறம் எல்லை இங்க வருது, அங்க வருதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. கடைசியில திருத்தணி மெட்ராஸ் பக்கம், சித்தூர் ஆந்திரா பக்கம்னு தீர்ந்துபோச்சு. அவர் பையன் திருத்தணியில இருந்தாரு. சித்திரைக்குள்ள அங்க போய்டணும்னு அவருக்கு எண்ணம்.

நாங்க போய்க் கேட்டப்ப அவர் சொன்னாரு: "ஒரே ஜில்லாவுக்குள்ளதான் போறேன்னு நினைச்சிக்கினு இருந்தேம்மா. இப்பப் பார்த்தா வேற ராஜ்யத்துக்குப் போறேன்." சொல்லிட்டு சுவத்தைத் தடவிப் பார்த்தாரு. அவர் பொறந்தது அந்த வீட்டுலதான்.

எங்களுக்கு முன்னாலயே வெல்ல மண்டிக்காரர் ஒருத்தர் கேட்டிருந்தாரு. வீட்டை இடிச்சிட்டு கிடங்கு கட்ட அவருக்கு இடம் வேணும். எங்களைவிட அதிகம் தர்றேன்னாரு. பலமனேர்ல இருந்து இன்னொரு பார்ட்டியும் வந்து பார்த்துட்டுப் போனாங்களாம். அவங்களும் எங்களைவிட அதிகம்தான். முழுசையும் ஒரே தவணையில கட்டறோம்னும் சொல்லியிருக்காங்க. நாங்க மட்டும்தான் பாதியை இப்போ, மீதியை அறுப்புக்கு அப்புறம்னு கேட்டவங்க. ஊர்ல எங்க வீட்டுக்காரருக்குப் பங்கு நிலம் கொஞ்சம் இருந்துது, அதுல வர்ற பணத்தை நம்பித்தான்.

ஏகாம்பரம் யாருக்கும் இல்லைன்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. "வெள்ளிக்கிழமை சொல்றேன்" அப்படீன்னாரு. வெள்ளிக்கிழமை போனா, "வீட்டம்மாவைக் கேட்டுச் சொல்றேன்." அந்தம்மாவைக் கேட்டா, "அவரு வாயைத் தொறந்தாத்தானே நான் ஏதாச்சும் சொல்றது?" இப்படியே மார்கழி போச்சு, தையும் வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் டியூட்டி முடிஞ்சதும் அந்தத் தெரு வழியாத்தான் வீட்டுக்கு வருவாரு. இன்னைக்கும் ஒண்ணும் முடிவாகலைன்னு மூஞ்சியைப் பார்த்தே எனக்குத் தெரிஞ்சிடும்.

கோமதி அவ அப்பாவைக் கேட்டா: "நைனா, அந்த வீட்டுக் கெணத்துல ஆமை இருக்குதாமே, நிஜமா?"

"போய்ப் பார்த்துடலாம் கண்ணு"ன்னாரு. 

தை மாசம் முறிஞ்ச எலும்பு கூடிச்சு. நான் மலைக்கு நடந்து வர்றதா வேண்டிக்கினேன். அவருக்கு அப்போ சாமி மேல பெரிய பிடிப்பு கிடையாது. "உன் இஷ்டம், பொண்ணை நான் பார்த்துக்கறேன்"னு லீவு போட்டாரு. திருப்பதிக்கு பஸ்ல போய், மலையடிவாரத்துல அலிபிரியில தேங்கா உடைச்சிட்டு ஏற ஆரம்பிச்சேன். ஏறும்போது என் மனசுல ஓடினது இவ்ளோதான்: மண்டிக்காரர் விலகிக்கணும், பலமனேர்க்காரங்க விலகிக்கணும், வீடு எங்களுக்கு வரணும். படிக்கு ஒரு தரம் அதையே சொல்லிக்கினு போனேன்.

வழியில இருக்கிற காலி கோபுரத்துக்கிட்ட மூச்சு வாங்கி உக்காந்தேன். பக்கத்துல ஒரு அம்மா. என்னைவிட மூத்தவங்க, நல்ல உசரம், கையில புளிசாதப் பொட்டலம். கேக்காமலே பாதியைப் பிச்சு எனக்குக் கொடுத்தாங்க. பேரு செங்கம்மா. பாதி தெலுங்கு, பாதி தமிழ்ல பேசினாங்க. அங்கிருந்து சேர்ந்தே நடந்தோம்.

முழங்கால் முட்டின்னு சொல்ற செங்குத்து ஏற்றம் வந்ததும் ரெண்டு பேருக்கும் நடை தளர்ந்துபோச்சு. "செல்லி, நீ என்ன மொக்கினே?"ன்னு கேட்டாங்க. தங்கச்சி, என்ன வேண்டிக்கினேன்னு அர்த்தம். பொண்ணைப் பத்திச் சொன்னேன். வீட்டைப் பத்திச் சொல்லல. வெளியே சொன்னா நடக்காதோன்னு ஒரு பயம்.

அவங்க தயங்காம சொன்னாங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து பலமனேர்ல கூட்டுக்குடும்பம். புள்ளை இல்லை. அஞ்சு ஓரகத்திங்க, ஒரே அடுப்பு. "ஒருநாள் எனக்குப் பசிச்ச நேரத்துக்கு நானா ஒலை வச்சது இல்லை, தெரியுமா? புள்ளை பெத்தவங்க துன்னதுக்கு அப்புறம்தான் நான் துன்னணும்." வீட்டுக்காரருக்குக் காய்கறி வியாபாரம். சித்தூர் மார்க்கெட்ல கடை பிடிச்சிருக்காராம். தனியா போயிடலாம்னு இப்பத்தான் தலையை ஆட்டியிருக்காராம்.

"சித்தூர்ல இல்லு, வீடு கூட பார்த்தாச்சு. அரவ ஐயாவோடது, தமிழ்க்காரரு, ஏகாம்பரம்னு பேரு. கெணறு இருக்கு. இஸ்தானுன்னும் சொல்ல மாட்டேங்கிறாரு, இய்யனுன்னும் சொல்ல மாட்டேங்கிறாரு. தர்றேன்னும் இல்லே, தரமாட்டேன்னும் இல்லே."

நான் நின்னுட்டேன்.

முன்னால ரெண்டு படி ஏறினவங்க திரும்பிப் பார்த்தாங்க. "கால் வலிக்குதா?"

சொல்லாம இருந்திருக்கலாம். ஆனா அவங்க கொடுத்த சாதத்தைத் துன்னுட்டு வாயை மூடிக்கினு நடக்க எனக்கு வரல. "அக்கா, அந்த வீட்டைத்தான் நாங்களும் கேட்டிருக்கோம்"ன்னேன்.

அவங்க மூஞ்சி மாறிடுச்சு. கோவமா, பயமான்னு தெரியல. படியோரமா உக்காந்தாங்க. நானும் உக்காந்தேன். ஏறிப் போறவங்க கோவிந்தா போட்டுக்கினு எங்களைத் தாண்டிப் போனாங்க. கடைசியில அவங்கதான் எழுந்தாங்க. "நட. சாமி ஒண்ணுதானே, அவருக்குத்தான் தலைவலி"ன்னாங்க.  மேல ஒரு இடத்துல என் கையைப் பிடிச்சிக்கினாங்க, செங்குத்தா இருந்துது.

சன்னதியில நிக்க விட்டது கண்ணு மூடித் தொறக்கிற நேரம். அவ்ளோ தூரம் சொல்லிக்கினு வந்தது வாயில வரல. பலமனேர்க்காரங்க விலகணும்னு எப்படிக் கேக்கறது? அந்தப் பலமனேர்க்காரி என் தோளை இடிச்சிக்கினு நிக்கறாங்க. "கோவிந்தா, இவங்களுக்கு ஒரு அடுப்பு, எம் பொண்ணுக்கு ஒரு வாசல். எப்படின்னு எனக்குத் தெரியல." அவ்ளோதான் கேட்டேன். தள்ளி விட்டுட்டாங்க.

கீழ வந்து திருப்பதியில ஒரே பஸ் ஏறினோம். சந்திரகிரி தாண்டினதும் அவங்க தூங்கிட்டாங்க. சித்தூர்ல இறங்கும்போது எங்க வீடு எந்தத் தெருவுல இருக்குன்னு கேட்டாங்க, சொன்னேன். அவங்க பலமனேர் பஸ்ஸைப் பார்த்துப் போய்ட்டாங்க.

மாசி பிறந்தது. ஏகாம்பரம் எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டனுப்பினாரு. அவர் போய்ட்டு வந்து சட்டையைக்கூடக் கழட்டாம உக்காந்தாரு.

"பலமனேர்க்காரங்களுக்குக் கொடுத்துட்டாரு. மண்டிக்காரர் இடிச்சிடுவாராம், அது அவர் வீட்டம்மாவுக்குப் பிடிக்கல. நம்மளுக்காகக் காத்திருக்க அவருக்கு நாள் இல்லை. மன்னிச்சிக்கப்பான்னு கையைப் பிடிச்சிக்கினாரு. என்னாத்தைச் சொல்றது?"

 மலைக்குப் போய்ட்டு வந்தியே, என்னாச்சுன்னு அவர் கேக்கல. கேட்டிருந்தா பரவாயில்லைன்னு தோணிச்சு. அன்னைக்குச் சாயந்திரம் நான் விளக்கு ஏத்தினேன். மனசுல ஒண்ணும் இல்ல. கோவம்கூட இல்ல. சும்மா திரியைத் தள்ளி விட்டேன், அது எரிஞ்சுது.

அடுத்த வாரம் படியில யாரோ ஏறி வர்ற சத்தம். செங்கம்மா. பின்னால அவங்க வீட்டுக்காரர் ரெட்டெப்பா, கையில ஒரு கூடை கத்திரிக்காயோட. செங்கம்மா சுவத்தைப் பிடிச்சிக்கினு மேல வந்தாங்க. "இந்தப் படியிலயா புள்ளையைத் தூக்கிக்கினு ஏறினே?"ன்னாங்க. கோமதி நகர்ந்து வந்து அவங்க புடவை முந்தியைப் பிடிச்சிப் பார்த்தா. புதுசா யார் வந்தாலும் அவளுக்கு அது பழக்கம்.

ரெட்டெப்பா நேரா விஷயத்துக்கு வந்தாரு. "அவ மலையிலிருந்து வந்த நாள்ல இருந்து இதே பேச்சும்மா. எங்க ரெண்டு பேருக்கு முன்பக்கம் போதும். கெணத்தடியை ஒட்டினாப்பல பின்பக்கத்து ரெண்டு ரூமும் சந்து வாசலும் நீங்க வாங்கிக்கோங்க. முதல்ல நான் வேணாம்னுதான் சொன்னேன். அப்புறம் யோசிச்சா, எனக்கும் பாரம் குறையுது. கடையில முதல் போடணும்."

எங்க வீட்டுக்காரர் கேட்டாரு: "முழு வீடும் உங்களுக்குன்னு ஆயிடுச்சே. எதுக்குங்க?"

அதுக்கு செங்கம்மாதான் பதில் சொன்னாங்க. "சாமி முன்னால எனக்காகக் கேட்டது யாரு? இவ வாய்விட்டுச் சொன்னா, எனக்குக் கேட்டுச்சு. எங்க வீட்டுல எனக்காக ஒருத்தரும் ஒருநாளும் கேட்டது இல்லை."

நான் அங்க உரக்கச் சொன்னேன்னே எனக்குத் தெரியாது. மனசுக்குள்ள சொன்னதாத்தான் இன்னைக்கும் நினைப்பு.

நாலு பேருமா ஏகாம்பரத்துக்கிட்ட போனோம். அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. "உங்களை வெறுங்கையோட அனுப்பினதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லப்பா"ன்னாரு. ஒண்ணா இருந்த பத்திரம் ரெண்டா எழுதினாங்க. பாதி வீடுங்கறதால மீதிக்கு அறுப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டி வரல. பங்குனியில குடி போனோம். செங்கம்மா முன்பக்கத்துல பால் காய்ச்சினாங்க. அவங்களே ஊதி அவங்களே பத்த வச்ச அடுப்பு. ரெண்டு டம்ளர் குடிச்சாங்க.

கோமதி அன்னைக்கே சந்து வாசல் வரைக்கும் தானா நகர்ந்து போய்த் தெருவுல உக்காந்தா. கொஞ்ச நாள்ல எங்க வீட்டுக்காரர் மரப்பலகையில சக்கரம் வச்சுக் கொடுத்தாரு. கூடப் படிக்கிற பொண்ணுங்க தள்ளிக்கினு போவாங்க. பத்தாவது வரைக்கும் படிச்சா. இப்போ தையல் மிஷின் வச்சிருக்கா. காலால மிதிக்க வேண்டாத, கையால சுத்தற மிஷின். இந்தக் கூட்டத்துல பாதிப் பேர் ரவிக்கை அவ தைச்சதுதான்.

எங்களுக்குள்ள சண்டை வராம இல்லை. ஒரே கெணறு, ரெண்டு குடும்பம். வாளியை யாரு உள்ள விட்டாங்கன்னு ஒரு கோடை முழுக்க நானும் அக்காவும் பேசிக்கல. அப்புறம் கோமதிக்குக் காய்ச்சல் வந்துது, பேசிக்கினோம். எங்க வீட்டுக்காரர் சனிக்கிழமை இங்க வந்து உக்கார ஆரம்பிச்சதும் அந்த வருஷத்துல இருந்துதான். அவர் பாட்டு உங்களுக்குத் தெரியும். ராகம் இல்லைன்னாலும் சத்தம் இருக்கு.

நான் படிச்சவ இல்லை. உங்களுக்குப் புத்தி சொல்ல வரல. என்னா கேக்கணுமோ அதைப் பெருமாள்கிட்ட கேளுங்க, தாராளமா கேளுங்க. ஆனா பக்கத்துல நிக்கிறவங்களுக்கும் ஏதோ ஒண்ணு வேணும், அதையும் சேர்த்துக் கேளுங்க. எந்த வழியில கொடுக்கறதுங்கறதை அவர்கிட்ட விட்டுடுங்க. முதல்ல இல்லைன்னு வந்தாலும் எழுந்து போய்டாதீங்க.

செங்கம்மா அக்காவுக்கு ரெண்டு கண்லயும் புரை விழுந்துபோச்சு. வர்ற செவ்வாய்க்கிழமை வேலூர்ல ஆபரேஷன். பயந்துக்கினு இருக்காங்க, அதான் இன்னைக்கு வரல. ஆரத்தி எடுக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் அவங்க பேரைச் சொல்லி ஒரு கோவிந்தா போடுங்க.