சர்க்கரை இல்லாதவர்கள்

காலை ஏழு நாற்பது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக் கிளினிக்கில் முதலில் என் கண்ணில் பட்டது, ரத்தம் எடுக்கும் கண்ணாடிக் குழாயில் ஒட்டியிருந்த அப்பாவின் பெயர். நம் ஊரில் அது என் பெயருக்கு முன்னால் நிற்கும் ஓர் எழுத்து. இங்கே பாஸ்போர்ட்டின் தயவில் அதுவே குடும்பப் பெயர். "மிஸ்டர் சுப்பையா" என்று நர்ஸ் கூப்பிட்டால் நான் எழுந்து போக வேண்டும்.

எனக்கு என்ன செய்கிறது என்று அவள் கேட்கவில்லை. அப்பா எந்த வயதில் இறந்தார் என்றாள். நாற்பத்து நான்கு. எதனால்? "திடீரென்று," என்றேன். "அது காரணம் இல்லையே," என்று பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். மதுரையில் அந்தப் பதிலுக்கு மேல் யாரும் என்னைக் கேட்டதில்லை.

அப்பா டிரில் மாஸ்டர். ஒல்லி. பழங்காநத்தத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில்தான் போவார். எழுபத்திரண்டாம் வருடம் ஒரு காலை மார்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். வாய்வு என்று சோடா வாங்கிக் கொடுத்தோம். அதைக் குடித்து முடிக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் மாற்றி மாற்றிச் சொன்னது ஒன்றுதான்: "மனுசனுக்கு சுகர்கூட இல்லையேப்பா!" சில மாதங்களுக்கு முன்தான் சிறுநீரைப் பரிசோதித்திருந்தார்கள். எங்கள் தெருவில் மாப்பிள்ளை பார்க்கும்போதும் அந்த ஒரு கேள்விதான். சர்க்கரை இல்லையென்றால் உடம்பில் எந்தக் குறையும் இல்லை.

எனக்கும் சர்க்கரை இல்லை. ஆனால் முடிவு வந்தபோது, ரத்தத்தில் கொழுப்பு இருக்கவேண்டியதைவிட மிக அதிகம். சர்க்கரை இல்லாமலே சிறு வயதில் இதயக் குழாய் அடைக்கலாம், அது குடும்பத்தில் தொடரலாம் என்றார் டாக்டர். உடன்பிறந்தவர்கள் உண்டா? தம்பி ஒருவன், பழங்காநத்தத்தில். வயது முப்பத்தாறு, இரண்டு பெண் குழந்தைகள். அவனும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, தம்பி வீட்டுக்கு எதிரேயுள்ள மருந்துக்கடைக்கு டிரங்க் கால் போட்டு அவனைக் கூப்பிடச் சொன்னேன்.

"எனக்கா கொழுப்பு? தெருவே சிரிக்கும்ணே. வயிறு முதுகோட ஒட்டிக்கெடக்கு. அம்புட்டு வெண்ணெயும் திங்கிறது நீங்க, ஊசி மட்டும் எனக்கா?"

"அப்பா மட்டும் குண்டாவாடா இருந்தாரு?"

"சரிண்ணே. நாளைக்கே போறேன்," என்றான்.

போயிருக்கிறான். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. முதல் நாள் இரவிலிருந்து பட்டினி கிடந்து, விடிந்ததும் லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தானாம். 'சுகர் துளிகூட இல்லை அண்ணே, இனி நிம்மதியாக இருங்கள்' என்று எழுதியிருந்தான். வேறு எதையும் பார்க்கும்படி அவன் கேட்கவில்லை; அவர்களும் பார்க்கவில்லை.

மறுபடி எழுதினேன். பதில் வருவதற்குள் கிளினிக்கில் என் அடுத்த முறை வந்துவிட்டது. நர்ஸ் குடும்ப விவரத் தாளை எடுத்து, கேட்டுக் கேட்டு நிரப்பினாள். சகோதரர்: ஒருவர், இந்தியா. கொழுப்பு அளவு: தெரியாது.