எங்கள் வாசல் லைட்

எங்கள் சந்து கண்டி டவுனுக்கு மேலே, படிக்கட்டாக ஏறுகிற சந்து. கீழே ரோட்டோரம் ஒரு லைட், உச்சியில் ஒரு லைட். நடுவில் எங்கள் வாசல் கும்மிருட்டு. மழையில் பாசி பிடித்த அந்தப் படியில் வழுக்கி விழுந்த அப்பா, படுத்தவர் படுத்தவர்தான். ஒரு லைட் போடச் சொல்லி நகரசபைக்கு நடந்ததில் அம்மாவின் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். அங்கே இருந்த ஐயா, அப்பா செத்த பிறகும் "பார்ப்போம்" என்றுதான் சொன்னார்.

பிறகு டவுனில் ஒரு குண்டு வெடித்தது. அடுத்த வாரமே கம்பம் வந்துவிட்டது. சந்தில் பொலிஸ் பதிவில் இருந்த இளந்தமிழன் என் தம்பி ஒருவன்தான். அவன் வருவதும் போவதும் தெரிய வேண்டுமாம். அதனால் பல்பைப் படிக்குத் திருப்பாமல் எங்கள் கதவுக்கு நேரே திருப்பி வைத்தார்கள்.

கொஞ்ச நாளில் தெருவிளக்கைச் சீர்திருத்துகிறோம், செலவைக் குறைக்கிறோம் என்று நகரசபை கிளம்பியது. சந்தின் மற்ற இரண்டு லைட்டையும் அணைத்தார்கள். எங்களுடையதை மட்டும் பொலிஸ் விடவில்லை. அதற்குப் புதுசாகப் பெரிய மஞ்சள் பல்பு மாட்டினார்கள். ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்த தம்பி, "கண்டியிலேயே நல்லாத் தெரியிற ஆள் நான்தான் அக்கா" என்று சிரிப்பான்.

அந்த வெளிச்சத்தில் அக்கம்பக்கமும் பிழைத்தது. எதிரே சில படி கீழே இருந்த சிங்கள நோனா பொழுதுபட்டால் சுளகோடு வாசலில் உட்கார்ந்து, அடுத்த நாள் அரிசியில் கல் பொறுக்குவாள். "உங்கள் புண்ணியம்" என்று அம்மாவிடம் சிங்களத்தில் சொல்வாள். எங்களுக்கு அடுத்த கீழ்வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயா. தன் வீட்டுக் கரண்டை மிச்சம் பிடிக்க, எங்கள் லைட்டில் கதிரை போட்டுப் பேப்பர் படிப்பார். பொலிஸ் எங்களுக்குப் போட்ட லைட் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

ஒரு சாயந்திரம், லைட் எரிய ஆரம்பித்த நேரம், தம்பி கடையிலிருந்து வந்து வாசல் பைப்பில் கால் கழுவிக்கொண்டிருந்தான். யூனிஃபோம் போடாத நாலு பேர் படியேறி வந்தார்கள். பெயரைக் கேட்டார்கள். சொன்னான். இழுத்தார்கள். அவன் லைட் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஒருவன் துவக்கின் அடிக்கட்டையால் அவன் விரல்களில் இடித்தான், கை விடுகிற வரைக்கும் இடித்தான். "அக்கா, அக்கா" என்று கத்தினான். ஓடின என்னை ஒருவன் தள்ளிவிட்டான். விழுந்து கிடந்த இடத்திலிருந்து எனக்கு நோனாவின் முகம் தெரிந்தது. மடியில் சுளகு இருந்தது. கிளாக்கர் ஐயாவின் முகமும் தெரிந்தது. கீழே ரோட்டில் வேன் ஒன்று புறப்பட்டுப் போனது.

பொலிஸில் அவனைத் தாங்கள் பிடிக்கவே இல்லை என்றார்கள். இயக்கத்துக்கு ஓடியிருப்பான் என்றார்கள். அம்மா காலில் விழுந்தாள். கண்ணால் கண்டவர்கள் யாராவது வந்து சொன்னால் என்ட்ரி போடலாம் என்றான் ஒருவன். என்ட்ரி இருந்தால் ஆமி கேம்புக்குக் கேம்பு போய்க் கேட்கலாம். இல்லாவிட்டால் அவன் ஓடிப்போனவன்தான்.

அம்மா முதலில் நோனாவிடம் போனாள். ஒரே இருட்டு, ஒன்றும் தெரியவில்லை என்றாள் நோனா. அரிசியில் கல் தெரிந்த கண்ணுக்கு ஆள் தெரியவில்லை. சிங்களத்திதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு கிளாக்கர் ஐயாவிடம் போனோம். அவர் எங்களை உள்ளே கூப்பிடவில்லை.

"நான் ஒண்டும் காணேல்லை, தங்கச்சி. நகரசபைதானே லைட்டை எல்லாம் நிப்பாட்டிப் போட்டுது. நான் பேப்பர் பாத்துக்கொண்டிருந்தனான்."

இருட்டில் பேப்பர் படித்தாராம். பொலிஸ் விசாரிக்க வந்தபோதும் இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். என்ட்ரி போடவில்லை. தம்பி இன்று வரைக்கும் வரவில்லை.

அடுத்த மாதம் நகரசபை ஆட்கள் ஏணியோடு வந்து எங்கள் பல்பைக் கழற்றினார்கள். இனி இது தேவையில்லை என்று பொலிஸ் சொல்லிவிட்டதாம், கரண்ட் வீணாம். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மழை தொடங்கியது. நோனாவின் மகள் படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். இரண்டு நாள் கழித்துப் பொழுதுபட்ட நேரம் நோனாவும் கிளாக்கர் ஐயாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கம்பம் எங்கள் வளவில் நிற்கிறது, நாங்கள் போய்க் கேட்டால்தான் நகரசபை மறுபடி லைட் தருமாம். நோனா அழுதாள். கிளாக்கர் ஐயாதான் பேசினார்.

"எந்த லைட்டுங்க?" என்றாள் அம்மா.

"உங்கட வாசல்ல எரிஞ்ச லைட்தான்."

"இங்க எப்பங்க லைட் எரிஞ்சிச்சு? ஒரே இருட்டுன்னு பொலிஸ்ல நீங்கதானே சொன்னீங்க. படிச்சவங்க, பொய்யா சொல்லியிருப்பீங்க?"

இரண்டு பேரும் திரும்பிப் படியில் கால் வைத்தார்கள். எங்கள் உள்வீட்டு வெளிச்சம் கதவு வழியாக முதல் சில படிகளில் விழுந்துகொண்டிருந்தது.

"கதவச் சாத்துடி" என்றாள் அம்மா.

சாத்தினேன். வெளியே அவர்கள் சுவரைத் தடவித் தடவி இறங்குகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாளையும் போட்டேன்.