பூனைக்குப் போட வேண்டிய சொட்டு

ஒரு பஸ் கண்டக்டர் எங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலின் மேல் நின்றுகொண்டு எல்லாருக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கையில் டிக்கெட்டும் இல்லை, பையும் இல்லை. "முன்னாடி போ, முன்னாடி போ, சானடோரியம்லாம் எறங்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். எனக்கும் ஒன்று கிழித்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் விடமாட்டார் போலிருந்தது.

எண்பதுகளின் கடைசி. இரும்புலியூரில் ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

கண்டக்டர் பெயர் கோவிந்தன். காலை ஷிப்டில் பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்தி, காலி சீட்டோடு சண்டை போட்டிருக்கிறார். வழியில் ஏறிய செக்கிங் இன்ஸ்பெக்டர்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டு அழைத்து வந்திருந்தார்.

"ஃபுல் மப்பு, டாக்டர். டூட்டியில குடிச்சிருக்கான். அப்படியே எழுதிக் குடுத்துடுங்க, நான் டிப்போவுக்குப் போகணும்."

அப்படி ஒரு காகிதம் டிப்போவுக்குப் போனால் கோவிந்தனுக்கு வேலை இருக்காது. அது எனக்கும் தெரியும். தெரிந்தும், என் லேப் ரிஜிஸ்டரில் அவர் பெயருக்கு நேரே 'நோய் விவரம்' என்ற கட்டத்தில் 'குடிபோதை' என்று மையால் எழுதினேன். என் அப்பா குடிகாரர். குடித்தவன் என்று யாரையாவது காட்டினால் மேற்கொண்டு விசாரிக்க எனக்குத் தோன்றாது.

டூட்டி டாக்டர் ஹமீதுக்குத் தோன்றியது. கோவிந்தனின் வாயை முகர்ந்து பார்த்தார். டார்ச் அடித்தார். கண்ணின் கருமணி அகல விரிந்து கிடந்தது, வெளிச்சத்துக்குச் சுருங்கவே இல்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. நாக்கு உலர்ந்து அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வாடையே இல்ல. ஒரு சொட்டு வேர்வையும் இல்ல. இது ஊமத்தையா இருக்கும்னு நெனைக்கிறேன்."

"கஞ்சா மாதிரியா சார்?" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரலில் ஒரு உற்சாகம் வந்தது.

"கஞ்சா செடி வெச்சா ஜெயிலு. ஊமத்தை வெச்சா யாரும் கேக்க மாட்டாங்க. பிள்ளையார் சதுர்த்திக்கு நீங்களே வாங்கியிருப்பீங்க. ஆனா உள்ள போச்சுன்னா ஆளையே கொன்னுடும்."

"நெனைக்கிறேன்னு சொன்னா டிப்போல ஒத்துக்க மாட்டாங்க டாக்டர். ப்ரூஃப் வேணும்."

கோவிந்தனின் மனைவி அஞ்சலை சேதி கேட்டு வந்து வாசல்படியில் நின்றிருந்தார். காலையில் என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டதற்கு "இட்லி" என்றார். வேறு என்ன கேட்டும் வாயே திறக்கவில்லை.

கோவிந்தனைக் கட்டிலோடு கட்டி, வயிற்றைக் கழுவினார்கள். சிறுநீர் தானாகப் போகவில்லை, டியூப் போட்டுத்தான் எடுத்தார்கள். அதை அரசாங்க லேபுக்கு அனுப்பினால் பதில் வர மாதக்கணக்காகும். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், கேன்டீன் பூனை எங்க?" என்றார்.

பழைய காலத்து முறையாம். ஊமத்தை சாப்பிட்டவரின் சிறுநீரை ஒரு சொட்டு பூனையின் கண்ணில் விட்டால், அதன் கருமணி விரிந்துவிடும். லேப் படிப்பில் எங்களுக்கு இதைச் சொல்லித்தரவில்லை. பூனையை டவலில் சுற்றி இன்ஸ்பெக்டர் பிடித்துக்கொள்ள வேண்டும், டிராப்பரால் நான் சொட்டு விட வேண்டும் என்று ஏற்பாடு. காக்கிச் சட்டையோடு அவர் பூனையை மார்போடு அணைத்துக்கொண்டார். பூனைக்கு ஏற்பாடு பிடிக்கவில்லை. ஒரே உதை. அவர் கையில் நாலு கீறல், பூனை ஜன்னல் வழியாகப் போயேபோய்விட்டது, சொட்டு என் இடது கண்ணில்.

குழாயடிக்கு ஓடினேன். டாக்டர் பின்னாலேயே வந்தார். "கழுவும்மா, நல்லா கழுவு." கொஞ்சம் யோசித்து, "எந்தக் கண்ணுன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ" என்றார்.

ஒரு மணி நேரத்தில் எனக்கு எழுத்து மங்கியது. டாக்டர் இன்ஸ்பெக்டரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு என் முகத்தில் டார்ச் அடித்தார். வலது கண் சுருங்கியது. இடது கண் சுருங்கவில்லை. வாசலிலிருந்து எட்டிப்பார்த்த அஞ்சலை அலறிவிட்டார்.

"ஐயோ, இந்தம்மா கண்ணும் அவரு கண்ணு மாரியே ஆயிட்ச்சே!"

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னார். "அவருக்கு மூச்சு இழுப்பு கீது சார். ஊமத்த எலைய காயவெச்சு பொகை புடிச்சா நிக்கும்னு சொன்னாங்கோ. காலைல டூட்டிக்கு டைம் ஆயிட்ச்சு, பொகை புடிக்க எங்க நேரம் கீது? கஷாயமா வெச்சுக் குட்த்துட்டேன். வாயத் தொறந்தா, புருசனுக்கு வெசம் வெச்சேன்னு என்னைப் புட்ச்சினு பூடுவாங்கன்னு பயந்துட்டேன் சார்."

குப்பைமேட்டில் தானாக முளைக்கிற செடி அது. அதைப் பிடுங்கிவந்து வீட்டுப் பின்னால் நட்டு, முள் கட்டி, தினமும் அரிசி கழுவின தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறார். அவர் வீட்டுக் கத்தரிச் செடிக்குக்கூட அந்தக் கவனிப்பு கிடையாதாம்.

டாக்டர் எழுதினார்: மது வாடை இல்லை, மருந்து என்று நினைத்துத் தவறுதலாகக் குடித்த ஊமத்தைக் கஷாயத்தின் நச்சு. போலீசுக்குத் தகவல் சொன்னபோதும் அதையேதான் சொன்னார். இன்ஸ்பெக்டர் காகிதத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டார். போகும்போது கீறலுக்கு ஒரு டிடி ஊசியும் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மாலை கோவிந்தனுக்குத் தெளிந்துவிட்டது. நடந்தது எதுவும் ஞாபகமில்லை. டிஸ்சார்ஜ் ஆகிற அன்று இருவரும் லேபுக்கு வந்தார்கள். அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க கண்ணாலதான் சிஸ்டர் அவரு வேல தப்பிச்சுது. எங்க கொலசாமி நீங்க."

ரிஜிஸ்டர் மேஜை மேல் திறந்தே கிடந்தது. கோவிந்தனுக்குப் படிக்கத் தெரியும். பேசிக்கொண்டே இன்னொரு கையை எடுத்து அந்த வரியின் மேல் வைத்து மூடிக்கொண்டேன். அவர்கள் போகும்வரை எடுக்கவில்லை. அத்தனை வெட்கமாக இருந்தது.

அவர்கள் போனதும் பிளேடை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். "சுரண்டாதே" என்றார். "ஒரே ஒரு கோடு போட்டு அடி, பக்கத்துல கையெழுத்துப் போடு. அடியில என்ன இருந்துச்சுன்னு தெரியணும்."

கண் சரியாக மூன்று நாளானது. அதற்குப் பிறகு வேலை பார்த்த காலம் முழுக்க, ரிசல்ட் வரும்வரை அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டேன். சோம்பேறி என்று பேர் வாங்கினேன், பரவாயில்லை. கோட்டுக்கு அடியில் அந்த வார்த்தை நன்றாகவே தெரிந்தது. என் கையெழுத்து அப்போது மிக அழகாக இருக்கும்.