ஆட்டுத் தலை யார் பக்கம்

"குன்சுலு, வயது முப்பத்தெட்டு. மென்மையாகப் பேசுபவர். பெரியோர் முன் குரல் உயர்த்தாதவர். தையலில் தேர்ந்தவர். புகுந்த வீட்டின் வழக்கங்களை அணுவளவும் பிசகாமல் காப்பவர். ஆகவே இவ்வாண்டின் ஆதர்ச மருமகளாக எங்கள் குடியிருப்பு மாதர் குழு இவரைத் தேர்ந்தெடுக்கிறது."

சென்ற வருஷம் மார்ச் எட்டாம் தேதி வழங்கப்பட்ட இந்தச் சான்றிதழை எழுதியவன் நான். மாதர் குழுவுக்கு ஓர் ஆண் எழுதிக் கொடுப்பதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. முந்தின வருஷத்து மருமகளுக்கு எழுதியதில் பெயரையும் வயதையும் மாற்றினேன், அவ்வளவுதான். வயது மட்டும் சரியாக இருந்தது.

குன்சுலு அல்மாத்தி நகரில் டிராலிபஸ் ஓட்டுகிறாள். பதினைந்து வருஷமாக "உள்ள போங்க, உள்ள போங்க, கதவுல தொங்குறதுக்கு நீங்க என்ன திரைச்சீலையா?" என்று கத்திக் கத்தி அவள் குரல் கத்துவதற்கென்றே ஆகிவிட்டது. அவள் நாலாவது மாடியில் ரகசியம் பேசினால் இரண்டாவது மாடியில் எனக்கு விஷயம் தெரிந்துவிடும். அவள் கணவன் எர்தாய் பொய்ப்பல் செய்கிறவன். நாள் முழுக்க மற்றவர்களின் வாயை உருவாக்குகிறவன் தன் வாயை அதிகம் திறப்பதில்லை.

சனி, ஞாயிறு இரண்டையும் அவர்கள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. சனிக்கிழமை ஓவியம், ஞாயிற்றுக்கிழமை சமையல். ஓவியம் குன்சுலுவின் ஏற்பாடு. "அங்க மட்டுந்தான் யாரும் ஏற மாட்டாங்க, இறங்க மாட்டாங்க. எல்லாரும் நின்ன எடத்துல நிப்பாங்க" என்பாள். மகள் இங்காரை நடுவில் பிடித்துக்கொண்டு மூவரும் இரண்டு குளிர்காலமாகச் சனிதோறும் அருங்காட்சியகம் போனார்கள். மாமியார் பால்சியா மட்டும் போனதில்லை. சுவரில் கம்பளம் தொங்குகிற வீட்டில் இருந்துகொண்டு வேறு சுவரைப் பார்க்க ஏன் பஸ் ஏற வேண்டும் என்பது அவர் கேள்வி.

அருங்காட்சியகத்தில் அவர்களுக்குப் பழக்கமான ஒரே ஆள், வாசலில் கோட்டுகளை வாங்கி மாட்டிவைத்துவிட்டு எண் வில்லை தரும் கிழவர். இங்கார் அவருக்குக் 'கோட்டுத் தாத்தா' என்று பெயர் வைத்திருந்தாள். அவர் அவளுக்கு மட்டும் ஒரு மிட்டாய் தருவார். இன்னொன்றையும் குன்சுலு கவனித்திருந்தாள். மற்றவர்கள் விறைத்த கோட்டுக்குள் நுழைந்து நடுங்கும்போது, இவர்கள் மூவரின் கோட்டும் எப்போதும் சூடாக இருக்கும். வெந்நீர்க் குழாயை ஒட்டிய கொக்கி, எண் நாற்பத்தொன்று. எவ்வளவு கூட்டம் வந்தாலும் அது இவர்களுக்குத்தான்.

"நல்ல மனுஷன்" என்பாள் குன்சுலு.

"ம்" என்பான் எர்தாய். கோட்டு வாங்குகிறவரின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? வில்லையில் உள்ள எண்ணைத்தான் பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை சமையலில், மாவைக் குன்சுலு தேய்ப்பாள். ஸ்டீயரிங் பிடித்த கை, மாவு எதிர்த்துப் பேசாது. இறைச்சியை எர்தாய் வெட்டுவான். மாதக் கடைசி ஞாயிறுகளில் ஆட்டுத் தலையும் உண்டு. அன்று என்னையும் கூப்பிடுவார்கள். தலை வைத்த தட்டைக் கொண்டுவந்து வைக்கும்போது ஆட்டின் மூக்கு யாரைப் பார்க்கிறதோ அவர்தான் அன்று சபைக்குப் பெரியவர். கத்தி அவர் கையில்.

ஆண்களில் வயதில் பெரியவன் நான்தான், ஐம்பத்தேழு. ஆனால் தகப்பன் உயிரோடு இருக்கிறவன் தலையை அறுக்கக் கூடாது என்பது எங்கள் முறை. என் அப்பா தொண்ணூற்றிரண்டு வயதில், ஊரில் இன்னும் குதிரை ஏறுகிறார். ஆகவே என்னைவிடப் பதினாறு வயது சின்னவனான எர்தாய் தலையை அறுப்பான், நான் அவன் நீட்டும் துண்டை வாங்கிக்கொள்வேன். அவனுக்கு அந்த உரிமை பதின்மூன்றாம் வயதில் வந்தது. அவன் அப்பா சரக்கு லாரியோடு எல்லைக்குப் போனார், திரும்பவில்லை. சில வருஷம் பொறுத்துப் பார்த்து நீதிமன்றமும் இறந்துவிட்டார் என்று காகிதம் கொடுத்தது. ஆனால் சித்தப்பாக்கள் காகிதத்துக்குக் காத்திருக்கவில்லை. முதல் குளிர்காலத்திலேயே பையன் முன்னால் தலையை வைத்து, "இனி நீதான்டா" என்றார்கள். கத்தி நடுங்கியது என்று ஒருமுறை, ஒரே ஒருமுறை, என்னிடம் சொல்லியிருக்கிறான்.

வழக்கங்களில் இன்னொன்று, மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. குன்சுலுவோ கோபம் வந்தால் கணவனைத் தகப்பன் பெயரோடு முழுப் பெயரில்தான் கூப்பிடுவாள். "செய்த்கலி மகன் எர்தாய்! பஸ் போயிருச்சுன்னா உன் தலையில ஏறியா வீட்டுக்குப் போறது?" பால்சியா காதைப் பொத்திக்கொள்வார். "செத்தவருக்குக் காது கேக்காது, அபா" என்பாள் மருமகள். மாமியாரை அவள் அபா என்றுதான் கூப்பிடுவாள்.

இந்த வருஷம் பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை. அருங்காட்சியகத்தின் சிப்பந்திகளை ஓர் இளம் ஓவியர் வரைந்து ஒரு கூடம் முழுக்க மாட்டியிருந்தார். துடைப்பத்தோடு ஒரு பெண், சாவிக்கொத்தோடு ஒரு காவலாளி. மூன்றாவது படத்தின் முன்னால் இங்கார் குதித்தாள்.

"கோட்டுத் தாத்தா!"

படத்தில் கிழவர் ஒரு சாம்பல் நிறக் கோட்டை, தூங்கும் குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார். முழங்கையில் பழுப்புத் தோல் ஒட்டு. ஒட்டின் தையல் ஆற்றோரப் பாதை மாதிரி வளைந்து வளைந்து போயிருந்தது.

"இது என் தையல்!" என்றாள் குன்சுலு. அவளைத் தவிர வேறு யாராலும் அப்படித் தைக்க முடியாது. "எர்தாய், இது உன் கோட்டு!"

பிறகு கீழே இருந்த அட்டையைப் படித்தாள். பஸ்ஸில் நிறுத்தம் அறிவிக்கிற அதே குரலில்: "தொம்பாய் மகன் செய்த்கலி. கோட்டறைப் பொறுப்பாளர். பிறந்த ஊர் கூரெங்பெல்."

கூடமே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகுதான், தான் என்ன படித்தோம் என்பது அவளுக்கே உறைத்தது. வாழ்நாளில் முதல்முறையாக அவளுக்குக் குரல் வரவில்லை என்று பிற்பாடு சொன்னாள். நான் நம்பினேன்.

எர்தாய் படத்தில் இருந்த காதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேல் விளிம்பு மடங்கிய காது. தன் காதைத் தொட்டுப் பார்த்தான்.

"அதே பேர்ல வேற ஆள் இருக்கலாம்" என்றான்.

"அதே ஊர்லயா? அதே தாத்தா பேரோடயா?" என்றாள் அவள். குரல் திரும்பிவிட்டது, ஆனால் பாதிதான்.

கீழே இறங்கினார்கள். கிழவருக்கு விஷயம் எட்டியிருந்தது. குன்சுலு படித்தால் மாடிப்படி தடுக்குமா? மூன்று கோட்டும் மேசைமேல் தயாராக இருந்தன. அவற்றின் மேல் அவர் கை இருந்தது.

"போட்டுக்கோ. வெளியில பூஜ்யத்துக்குக் கீழ பதினெட்டு டிகிரி" என்றார் மகனிடம்.

"பெரியவரே, எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்?" என்றாள் குன்சுலு.

"முதல் சனிக்கிழமையே தெரியும்மா. நீதான் வாசல்ல நின்னு 'செய்த்கலி மகன் எர்தாய்'னு கத்துனியே."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா அடுத்த வாரம் வருவானா?"

எர்தாயின் முகம் சுண்ணாம்பாகியிருந்தது. அவன் வாயிலிருந்து வந்தது அப்பா அல்ல, ஏன் அல்ல, எங்கே இருந்தீர்கள் என்பதும் அல்ல.

"இருபத்தெட்டு வருஷமா நான் தலை அறுத்திருக்கேன்" என்றான். கோட்டைத் தொடாமல் வெளியே போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் குன்சுலு மாமியார் முன்னால் நின்றாள். பால்சியா தேநீரில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அபா, அவர் உயிரோட இருக்கார்."

"தெரியும்" என்றார் பால்சியா. பால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

அன்றைய இரண்டாவது அதிர்ச்சி இது. முதலாவதைவிடப் பெரியது என்பது குன்சுலுவின் கட்சி. அவர் போன மறு வருஷமே ஒரு கடிதம் வந்ததாம். வடக்கே ஒரு நகரம், அங்கே ஒருத்தி, லாரி விற்றாகிவிட்டது.

"அப்புறம் எதுக்கு அபா செத்துட்டார்னு கோர்ட்டுக்குப் போனீங்க?"

"செத்துட்டான்னா ஜனம் துக்கம் கேக்க வரும். ஓடிட்டான்னா வேடிக்கை பாக்க வரும். நீயா இருந்தா எது வேணும்னு சொல்லுவ? எனக்கு ஒரு பையன் இருந்தான், அவனைத் தலை நிமிர்ந்து ஒக்கார வைக்க வேண்டியிருந்தது."

ஒரு காகிதத்தில் இறந்தவர் எப்படி இன்னொரு காகிதத்தில் சம்பளம் வாங்கினார் என்று கேட்காதீர்கள். எங்கள் அரசாங்கக் காகிதங்கள் ஒன்றையொன்று படிப்பதில்லை.

எர்தாய் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். மறுநாளுக்கு வாங்கிய தலை, சந்தையிலேயே மயிர் பொசுக்கியது, அவன் எதிரில் ஒரு பேசினில் ஊறிக்கொண்டிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னாள் குன்சுலு.

"நாளைக்கு நான் தலையைத் தொட மாட்டேன்" என்றான்.

"ஏன்?"

"முறை தெரியாதா உனக்கு? அப்பன் உயிரோட இருக்கறப்ப..."

"அப்ப அவர் உன் அப்பாதான்."

"அந்த ஆள் எனக்கு அப்பா இல்ல! பதிமூணு வயசுல என் கையில கத்தியைக் குடுத்துட்டுப் போனவன்."

"அப்ப நாளைக்கு எப்பவும் போல நீயே அறு."

"எப்படி அறுக்கிறது? உயிரோட இருக்காரே!"

"ரெண்டுல ஒண்ணு சொல்லுய்யா."

தலையை எடுத்தால் தகப்பன் இல்லாதவன். எடுக்க மறுத்தால், அந்த மறுப்பே கிழவரைத் தகப்பன் என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். நான் முப்பது வருஷம் மாணவர்களுக்குத் தர்க்கம் கற்பித்தவன். ஒரு பேசினுக்குள் இவ்வளவு சுத்தமான சிக்கலை நான் கண்டதில்லை.

ஞாயிறு மதியம் நான் மேலே போனபோது எர்தாயும் பால்சியாவும் மேசையின் இரண்டு முனையில் இருந்தார்கள். யாரும் எதுவும் விளக்கவில்லை; மாடி வழியாக எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். குன்சுலு இல்லை. வெங்காயம் வாங்கப் போயிருப்பதாக இங்கார் சொன்னாள். சமையலறையில் ஒரு சாக்கு வெங்காயம் இருந்தது.

கதவு திறந்தது. குன்சுலுவுக்குப் பின்னால் கிழவர். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். கையில் ஒரு மிட்டாய்ப் பை.

எர்தாய் பாதி எழுந்தான், பாதியிலேயே நின்றான். எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை, சுவரில் இருந்த, நான் எழுதிய சான்றிதழைப் பார்த்தேன். முதலில் பேசியவர் பால்சியா.

"செத்தவனா இருந்தாலும் பூட்ஸைக் கழட்டிட்டுத்தான் உள்ள வரணும். தரை இப்பத்தான் தொடச்சது."

கிழவர் குனிந்து பூட்ஸைக் கழற்றினார். முடிச்சு அவிழ நேரமாயிற்று. இங்கார் ஓடிப்போய் அவர் கோட்டை வாங்கினாள். இந்த வீட்டில் எண் வில்லை கிடையாது. கொண்டுபோய் வெந்நீர்க் குழாயின் மேல் விரித்துப் போட்டாள். அதைப் பார்த்ததும் எர்தாய் உட்கார்ந்துவிட்டான்.

கிழவர் மேசையின் கடைசி மூலையில், மருமக்கள் உட்கார்கிற இடத்தில், உட்கார்ந்தார். யாரும் மரியாதையான இடத்துக்கு வரச் சொல்லவில்லை. மாவுத்தகடும் இறைச்சியும் வந்தன. பிறகு குன்சுலு தலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். ஆவியில் அவள் முகம் தெரியவில்லை.

"என் பக்கம் வைக்காத" என்றான் எர்தாய்.

"அப்ப யார் பக்கம்னு சொல்லு."

அவன் தட்டைப் பார்த்தான். கிழவரைப் பார்க்கவில்லை.

"அண்ணே, உங்களுக்கு வைக்கட்டா?" என்று என் பக்கம் திரும்பினாள்.

"எங்கப்பா காலையிலதான் போன்ல என்னைத் திட்டினார். நல்லாத்தான் இருக்கார்" என்றேன்.

எர்தாய் தன் தட்டோரம் எப்போதும் இருக்கும் கத்தியை எடுத்தான். அவன் அதை மேசையின் நடுவில், யாருக்கும் எட்டுகிற இடத்தில், யாருக்கும் கொடுக்காமல், வைத்தான். அதற்குமேல் அவனால் முடியவில்லை.

மீதியைக் குன்சுலு செய்தாள். கிழவர் கத்தியைக் கையில் எடுத்து வெகுநேரம் வைத்திருந்தார். அவர் கையும் நடுங்கியது. வலது காதை அறுத்து இங்காருக்குக் கொடுத்தார், குழந்தைகளுக்குக் கொடுக்கிற முறைப்படி. கன்னத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து எர்தாய் பக்கம் நீட்டினார். அந்தக் கை அந்தரத்தில் நின்றுகொண்டே இருந்தது. கடைசியில் எர்தாய் வாங்கிக்கொண்டான். பேசவில்லை, ஆனால் மென்றான். பால்சியா கடைசிவரை தன் கிண்ணத்தைப் பார்த்தே சாப்பிட்டார். கிழவருக்குச் சூப் ஊற்றவும் இல்லை, ஊற்றிய மருமகளைத் தடுக்கவும் இல்லை.

மார்ச் எட்டு நெருங்குகிறது. இந்த வருஷமும் குன்சுலுதானாம், விவரம் எழுதித் தரச் சொல்லி மாதர் குழுவிலிருந்து ஆள் வந்தது. பழையதையே நகல் எடுக்கலாம் என்றார்கள். எடுக்கவில்லை. ஒரே வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன்: பிப்ரவரி கடைசி ஞாயிறு, இவர் யாரும் சொல்லாமலே, ஆட்டுத் தலையின் மூக்கை இறந்துபோன மாமனாரின் பக்கம் திருப்பி வைத்தார்.