காளியண்ணனின் பன்னெண்டாவது வாய்தா

எங்கள் போர்வெல் லாரியில் காளியண்ணனைப் போல ராடு மாட்டுகிற ஆள் திருச்செங்கோட்டுப் பக்கம் கிடையாது. ஆனால் ஒரு கெட்ட பழக்கம். யார் பேனாவை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவான். முப்பது வயசுக்கு மேல் கற்றுக்கொண்ட கையெழுத்து. அடியில் கோடு இழுத்து இரண்டு புள்ளி வைத்தால்தான் அவனுக்குத் திருப்தி.

அஞ்சு வருசத்துக்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் களவு போனது. போலீஸ் ஜீப்பைக் கண்டதும், சாட்சிக்குப் பிடித்துவிடுவார்கள் என்று ஊரே ஆட்டைத் தேடுகிறேன், மாட்டைத் தேடுகிறேன் என்று கிளம்பிவிட்டது. இவன் ஒருத்தன்தான் நின்றான். கிணற்றில் மோட்டார் இல்லை என்று போலீஸ் எழுதிய மகஜரில், சாட்சியாகக் கோடும் புள்ளியுமாகக் கையெழுத்துப் போட்டான்.

அதிலிருந்து அலைச்சல்தான். வக்கீல் வரவில்லை, வாய்தா. ஜட்ஜுக்கு மாற்றல், வாய்தா. ஒடிசாவில் போர் போட்டுக்கொண்டிருந்தவன் இரண்டு தடவை ரயிலேறி வந்தான். பதினோரு வாய்தா ஆகியும் அவன் வாயைத் திறக்க யாரும் விடவில்லை.

இந்தத் தை மாசம் முதலாளி சிவபிரகாஷ் கறாராகச் சொல்லிவிட்டார்.

"திங்கக்கெழம மத்தியானம் வண்டி கெளம்புது. ஆறு மாசம் திரும்பாது. அன்னைக்கு உன்ற கேசு முடிஞ்சா ஏறு. இல்லீன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்."

அந்தத் திங்கள்தான் பன்னெண்டாவது வாய்தா. வண்டி ஓட்டுகிறவன் நான். லாரியைக் கோர்ட்டுக்கு எதிரில் நிறுத்திவிட்டு உள்ளே போய் நின்றேன். காளியண்ணன் கூண்டில் ஏறினான்.

மோட்டாரைத் திருடியதாகப் போலீஸ் பிடித்த ஆளைக் காட்டி, "எதிரி வேல்முருகனைத் தெரியுமா?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"தெரியாம என்னுங்க? இப்ப என்ற பைக்குலதான வந்தாப்ல. பஸ்ஸை உட்டுட்டு நின்னுட்டிருந்தாப்ல."

கோர்ட்டே சிரித்தது. அரசு வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. சாட்சி எதிரியோடு சேர்ந்துவிட்டார், அதை விசாரிக்க வாய்தா வேண்டும் என்றார்.

காளியண்ணன் ஜட்ஜம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அம்மா, ஜெயிலுக்குப் போறவனுக்கே இத்தனை மாசம்னு ஒரு அளவு வெச்சிருக்கறீங்க. சாட்சிக்கு ஒண்ணும் இல்லீங்களா? மூணு வாய்தா, மிஞ்சிப் போனா நாலு. அதுக்கு மேல கூப்புடக் கூடாதுன்னு ஒரு கோடு போட்டு உடுங்கம்மா. எனக்கு லாரி நிக்குது."

ஜட்ஜம்மா கேஸ் கட்டைப் புரட்டினார். "மோட்டார் இல்லாத கெணத்தைப் பாத்திருக்கார். அதுக்குப் பன்னெண்டு தடவையா? கேக்கறதை இப்பவே கேளுங்க."

அஞ்சே நிமிசம். மகஜரைக் காட்டி, "இது உம்ம கையெழுத்துதானா?" என்றார் எதிரி வக்கீல்.

"புள்ளியைப் பாருங்க. வேற எவன் வெப்பான்?"

"சட்டத்துல கோடு போட எனக்கு அதிகாரம் இல்லை," என்றார் ஜட்ஜம்மா. "ஆனா உங்களுக்கு இன்னையோட சரி. போலாம்."

வெளியே ஓடிவந்தவன் லாரியில் கால் வைத்ததும் நின்றான். பைக்கு! சாவியை, பின்னால் வந்த வேல்முருகன் பக்கம் வீசினான்.

"ஊட்ல உட்ரு, வேலு. பெட்ரோல் கம்மியா இருக்குது, பாத்துப் போ."

"ஏண்டா, திருட்டுக் கேசுக்காரங்கிட்டயா வண்டியக் குடுக்கறே?" என்றேன்.

"அஞ்சு வருசமாப் பாக்கறனுங்ண்ணா. ஒரு வாய்தாவுக்கும் தப்பாம வர்றது நானும் அவனுந்தான். நீங்க வண்டிய எடுங்க."

எடுத்தேன்.