வெறும் முள்

மதுரையில் மீன் பிடித்து வளர்ந்தேன் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வைகையில் தண்ணீர் ஓடினால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர் எங்களுடையது. ஆனால் கோச்சடைப் பக்கம் ஒரு தடுப்பணை உண்டு. மேலே மதகைத் திறந்துவிட்டால் சில வாரங்களுக்கு அங்கே தண்ணீர் நிற்கும். அதன் சுவர்மேல் தூண்டிலும் கையுமாக ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்த கையோடு அந்த வரிசையில் வந்து சேர்ந்துகொள்கிறவர் அப்பா. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிற மனிதர், அங்கே தும்மலைக்கூட அடக்கிக்கொள்வார். பக்கத்தில் நான், மண்புழு கிடக்கும் தேங்காய்ச் சிரட்டைக்குக் காவல்.

நாங்கள் கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று வாராவாரம் ஒரே வசனத்தைச் சொல்வாள். "மீனில்லாம வந்தீங்க, கதவத் தொறக்க மாட்டேன் பாத்துக்கங்க." வெறும் கையோடு திரும்பிய நாட்களிலும் கதவு திறக்கத்தான் செய்தது. இருந்தாலும் ஏழு வயதில் நான் அதை முழுக்க நம்பினேன்.

அந்த வருடம் அம்மாவுக்கு வயிற்றில் ஆப்பரேஷன். என்ன ஏது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் வந்ததும் பெரியவர்கள் பேச்சை மாற்றினார்கள். மாற்றிய பேச்சும் பாதியில் நின்றுபோனது. ஆப்பரேஷன் அன்று காலையில் அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். மதியமாகியும் கதவு திறக்கவில்லை. சொன்ன நேரம் தாண்டிவிட்டது என்று சித்தி யாரிடமோ போனில் சொன்னது என் காதில் விழுந்தது. நான் அழ ஆரம்பித்தேன். என்னைச் சமாதானப்படுத்த வந்த அப்பா, தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அழுதா நான் யாரன்னு பாக்குறது மச்சான்? பிள்ளையக் கொஞ்ச நேரம் வெளிய கூட்டிட்டுப் போங்க. சேதி வந்ததும் போன் பண்றேன்" என்றாள் சித்தி.

எங்கே போகலாம் என்று அப்பா கேட்டார். மீன் பிடிக்கப் போகலாம் என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இன்னைக்கு வேணாம்மா, பார்க்குக்குப் போவோம்" என்றார். நான் ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து அடம்பிடித்தேன். என் கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. மீனோடு போனால் அம்மா கதவைத் திறப்பாள். கதவைத் திறக்க அவள் வீட்டுக்கு வந்துதானே ஆகவேண்டும். ஒரே ஒரு மீன் மாட்டினால் போதும், அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது. கடைசியில் அப்பா இறங்கிவந்தார். வீட்டுக்குப் போய்த் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் அணைக்குப் போனோம்.

தக்கை தண்ணீரில் அசையாமல் கிடந்தது. நான் இமைக்காமல் அதையே பார்த்தேன். அப்பாவின் சட்டைப்பையில் இருந்த போனையும் பார்க்க வேண்டியிருந்தது. மீன் மாட்டுவதற்கு முன்னால் அது அடித்துவிடக் கூடாது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்து என் கழுத்து வலித்தது. அடிவயிற்றில் ஒன்றுக்கு முட்டியது. போனால் மீன் தப்பிவிடும் என்று காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பா தூண்டிலை எடுத்து மறுபடி வீசியபோது, வழக்கமாகப் பக்கத்தில் உட்காரும் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், வெறும் முள்ளப் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க? மீனு என்ன நேந்துக்கிட்டா வந்து மாட்டும்? இந்தாங்க, அம்புட்டுப் புழு கெடக்கு."

"இருக்கட்டும்ணே" என்றார் அப்பா.

எனக்குப் பகீரென்றது. அவசரத்தில் சிரட்டையை மறந்தே போயிருந்தேன். வாங்கிக்கொள்ளச் சொல்லி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "இன்னைக்கு இப்படித்தான்ம்மா" என்றார். அம்மாவைப் பற்றி இவருக்குக் கவலையே இல்லை என்று அந்த நிமிடம் முடிவுகட்டினேன். அப்பாவை நான் வெறுத்த ஒரே நாள் அதுதான்.

போகலாம் என்று சொல்லி அவர் தூண்டிலை இழுத்தார். அணையோரம் கூட்டமாகக் கிடந்த ஜிலேபி மீன்களில் ஒன்றின் விலாவில் முள் கொத்திக்கொண்டது. உள்ளங்கை அகலத்தில் மீன் துள்ளிக்கொண்டு மேலே வந்தது. புழுவே இல்லாமல் மீன். நான் குதித்தேன். ஆட்டோக்காரர் கைதட்டினார்.

அப்பா முள்ளைக் கழற்றினார். கொஞ்சம் ரத்தம் வந்தது. மீனை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கி, பேண்ட் நனைய முழங்கால் தண்ணீரில் நின்று அதை விட்டார். அது பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. அவர் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். வாய் எதையோ முணுமுணுத்தது.

"அது எம்மீனு, குடுங்கப்பா" என்று மேலே நின்று அலறினேன். அவர் திரும்பவில்லை. மீன் ஒருமுறை வாலை ஆட்டியது. இன்னொரு முறை ஆட்டிவிட்டு, அவர் கையிலிருந்து நழுவிப் போய்விட்டது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது போன் அடித்தது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். பொத்திய கையையும் மீறிச் சித்தி போனில் கத்தியது மேலேவரை கேட்டது. "அக்கா கண்ணு முழிச்சுட்டா மச்சான். பிள்ளையத்தான் கேக்குறா." அப்பா அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று காலையில் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த மாதா சிலை வைத்த கெபியில், இவளை நல்லபடியாக அனுப்பிவிடு, இனி என் கையால் ஒரு மீன்கூடச் சாகாது என்று அப்பா நேர்ந்துகொண்டாராம். அவருக்கென்று இருந்த ஒரே சந்தோஷம் அந்தத் தூண்டில்தான், அதைக் கொடுத்துவிட்டார். மாதாவுக்குக் கொடுத்த வாக்கையும் மீற முடியாமல், என்னிடமும் மறுக்க முடியாமல் வெறும் முள்ளோடு உட்கார்ந்திருக்கிறார். நான் கல்லூரி முடித்த பிறகுதான் அம்மா இதையெல்லாம் என்னிடம் சொன்னாள்.

அன்றைக்கு நான் கண்டதெல்லாம் இவ்வளவுதான்: பிடித்த மீன் பிடித்ததுதான், நழுவவிட்டாலும் கணக்கில் சேரும். ஸ்கூட்டரில் அப்பாவுக்கு முன்னால் நின்றபடி, "அடுத்த வாரம் இம்புட்டுப் பெருசாப் பிடிக்கணும்ப்பா" என்று கைகளை விரித்துக் காட்டினேன். "பிடிப்போம்மா" என்றார். அவருடைய நனைந்த சட்டை என் முதுகில் ஒட்டியது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் புழு எங்கே தோண்டலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.